சுவருக்கு ஓர் இலை

எங்கள் போடிநாயக்கனூரில் யாரும் யாரையும் சும்மா விட்டு நகர்வதில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடமும், ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸிடமும், கோர்ட்டில் எதிர்த்தரப்புக்கு வாதாடிய வக்கீலிடமும்கூட "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள், அவர்களும் "கண்டிப்பா வர்றோம்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள், இப்படியே அழைத்தவரும் வராதவரும் ஒரு குறையுமில்லாமல் ஆயுசு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்கள். சொல்கிறவரும் நம்பாமல் கேட்கிறவரும் நம்பாமல் ஒரு வாக்கியத்தை எதற்காக ஊரே சுமந்துகொண்டு அலைகிறது என்று நான் கேட்டிருக்கிறேன், பல்கலைக்கழக விடுதியில், பஸ் ஸ்டாண்டில், ஒருமுறை சாவு வீட்டில்கூடக் கேட்டிருக்கிறேன். "அது மரியாதை பாப்பா, உனக்குப் புரியாது" என்பதற்கு மேல் எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தை முதன்முதலில் அப்படியே நம்பியது சீனப் பெருஞ்சுவர்தான்.

நம்பியதோடு நிற்காமல் கிளம்பியும் வந்தது.

அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பெயர் சுலோச்சனா. அப்பா கை ஓங்கியதைப் பொறுத்தது போதும் என்று என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் கூலிக்கு உட்கார்ந்து, பிறகு தானே ஒரு கூடம் வைத்து, போன ஆவணியில் சொந்தமாக ஒரு வீடும் கட்டி முடித்தவள். பால் காய்ச்சுவதற்குத் தட்டில் குங்குமமும் கல்கண்டும் வைத்துத் தெருத் தெருவாக நடந்து அழைத்தாள், எல்லோரும் கண்டிப்பா வர்றோம் என்றார்கள், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனும் ஏலக்காய் வியாபாரிகள் சங்கத் தலைவருமான ரெங்கராஜ் மாமா "நான் வராம யாரு வருவா" என்றே சொன்னார், அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. புருஷனை விட்டு வந்தவள் காய்ச்சுகிற பாலில் யார் கை நனைப்பது என்று பேசிக்கொண்டார்களாம். அண்டா அண்டாவாகச் சமைத்து வைத்துவிட்டுச் சமையல்காரர் முத்திருளப்பன் கரண்டியைக் கையில் பிடித்தபடி மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார், வாழையிலைக் கட்டு பிரிக்காமலே கிடந்தது, சாப்பாடு கல்லூரி விடுதிக்குப் போனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையெல்லாம் சேர்த்து நான் பேசினேன்.

அந்த ஆட்களோடேயே சங்கத்தின் வெள்ளிவிழாச் சுற்றுலா என்று சீனாவுக்குக் கிளம்பினாள் அம்மா. "மானம் ரோஷம் இல்லையா உனக்கு?" என்று கேட்டதற்கு, "சீனாவைத்தானடி பாக்கப் போறேன், இவங்களையா பாக்கப் போறேன்?" என்றாள். இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது, நானும் பாஸ்போர்ட் எடுத்தேன்.

ஒரு பஸ் நிறைய ஏலக்காய் வியாபாரிகள், அவர்கள் மனைவிமார்கள், பருப்புப்பொடி, ஊறுகாய், வடாம், தைலம், இத்தனைக்கும் நடுவில் அடுப்பும் குக்கருமாக அதே முத்திருளப்பன், எல்லோருக்கும் முன்னால் குச்சியில் பாண்டா பொம்மை கட்டிய கொடியைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி லின் யூ. என் வயதுதான் இருக்கும். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, யாரும் கேட்காமல் போட்டோ எடுக்க, இப்படித்தான் பெய்ஜிங்கைச் சுற்றினோம்.

பெருஞ்சுவரின் மேல் நின்றுகொண்டு லின் யூ சொன்னாள், இந்தப் பகுதியைக் கட்டும்போது சுண்ணாம்புக் கலவையில் பசை அரிசியை வேகவைத்த கஞ்சியை ஊற்றிக் குழைத்தார்கள், அதனால்தான் அறுநூறு வருடமாகியும் அசையவில்லை என்று. நான் அதைச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல ஒரு செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்ப இது சோறு தின்ன உடம்பா? நம்ம சாதிதான்னு சொல்லு." பிறகு சுவரைப் பார்த்து, "வராதே வராதேன்னு சொல்றதுக்குன்னே உங்களை நிப்பாட்டி வச்சிருக்காங்க, பாவம், யாராச்சும் உங்களை வான்னு கூப்பிட்டிருப்பாங்களா? ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க. புது வீடுதான். சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே லின் யூவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மா கை வைத்த அதே செங்கல்லில் தானும் கை வைத்து, சீனத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"அதனிடம் போய் ஏன் சொல்கிறாய்?" என்றேன்.

"விருந்தாளி சொல்வதை யாருக்குச் சொன்னாரோ அவரிடம் சேர்ப்பதுதான் என் வேலை" என்றாள்.

நாங்கள் ரயிலேறி ஷியான் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பொங்கலுக்குக் காத்திருந்தபோது, முத்திருளப்பன் கரண்டியோடு உள்ளே வந்து, "யத்தா சுலோச்சனா, நீங்க கூப்பிட்ட ஆளு வந்திருக்கு, வெளிய நிக்குது" என்றார். போய்ப் பார்த்தோம். எங்கள் பஸ்ஸுக்கும் கொரியாக்காரர்களின் பஸ்ஸுக்கும் நடுவில், ஒரு காவல் கோபுரமும் அதற்கு இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நடைபாதையுமாக, ஒடுங்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், முதல்முறை ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் நிற்பது போலச் சுவர் நின்றுகொண்டிருந்தது. ஹோட்டல் காவலாளி அதற்கு வண்டி நிறுத்தும் சீட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார், அது ஒரு செங்கல் இடுக்கில் செருகியிருந்தது. பெய்ஜிங் பக்கம் அது நின்றிருந்த இடத்தில் பராமரிப்பு வேலை நடப்பதாகப் பலகை வைத்துவிட்டார்கள் என்று லின் யூ போனைப் பார்த்துச் சொன்னாள்.

எங்கள் ஆட்கள் இதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. ரெங்கராஜ் மாமா முதல் காரியமாக, பெருஞ்சுவர் பார்ப்பது பயண நிரலில் ஏற்கெனவே முடிந்துவிட்டது, இதற்கென்று தனியாக யாரும் காசு கேட்கக் கூடாது என்று லின் யூவிடம் கறாராகச் சொன்னார். அவர் மனைவி வேலுத்தாயி அத்தை, "இது இங்கயே வரும்னா என்னத்துக்குடி முந்தாநாள் என்னைய அத்தனை படி ஏத்தி முட்டியைப் பேத்தீங்க?" என்று என்னைத் திட்டினாள். முட்டிவலியால் அன்று கீழேயே உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் காபி டம்ளரோடு சாவகாசமாக ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் பெரிசாக இல்லை என்றார்கள். சாயங்காலத்துக்குள் நடைபாதை விளிம்பு முழுக்க ஈரச் சேலைகளும் பனியன்களும் காய்ந்தன, பெய்ஜிங்கிலிருந்து காயாமலே மூட்டை கட்டி வந்த துணிகள். சதுக்கத்தில் கூட்டமாக நடனமாடும் சீனப் பெண்கள் பாட்டுப்பெட்டியை வைக்க அதன் படிக்கட்டைக் கேட்டார்கள், எங்கள் பெண்கள் பெரியமனது பண்ணி அனுமதி கொடுத்தார்கள்.

ஷியானில் ஊரைச் சுற்றி ஒரு பழைய கோட்டைச் சுவர் இருக்கிறது. நம் சுவர் அதன் பக்கத்தில் போய் நின்றபோது, "ஒன்னுவிட்ட அண்ணன் தம்பியா இருக்கும், ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குறாங்க, பேசட்டும்" என்று வேலுத்தாயி அத்தை எல்லோரையும் அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். ரெங்கராஜ் மாமா மட்டும் போகாமல், என்னிடம் தாழ்ந்த குரலில், "ஆமா, இதைக் கட்டினவங்க என்ன ஆளுங்க?" என்று லின் யூவிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்க மாட்டேன் என்றேன். அப்புறம் பதிலுக்காகவே கேட்டேன்.

"சிப்பாய்கள், விவசாயிகள், கைதிகள்" என்றாள் லின் யூ.

மாமா அதற்குப் பிறகு அதன் நிழலில் உட்காரவில்லை.

அடுத்து சூஜோவுக்கு வந்தோம், அதுவும் வந்தது. அங்கே தோட்டங்களுக்கு நிலா மாதிரி வட்ட வட்டமாக வாசல் வைத்திருக்கிறார்கள், சுவரால் நுழைய முடியவில்லை, அதனால் எங்கள் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் பார்த்துக்கொண்டு வெளியே நின்றது, ஒரு பையும் குறையவில்லை. முத்திருளப்பன் வேளா வேளைக்கு ஒரு தட்டில் சோறு போட்டு அதன் ஓரத்தில் வைப்பார், திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும், "ரசம் ரெண்டாந்தடவை கேக்குது, நாக்குள்ள சுவருங்க" என்பார். அம்மா மட்டும் காலையில் எழுந்ததும் அதனிடம் போய், "நைட்டு குளிரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு வருவாள். வீடு கட்டிய நாளிலிருந்து அம்மா முகத்தில் இல்லாத ஒன்று அப்போது இருந்தது. என் ஊர்க்காரர்கள் முன்னால், அவள் அழைத்த ஒருவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான். அதை நேராகப் பார்க்கத் தெரியாமல் நான் லின் யூவிடம் வேறு எதையோ பிடித்துச் சண்டை போட்டேன்.

சூஜோவில்தான் லின் யூவுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. பள்ளி விடுமுறை தொடங்குகிறது, சனங்கள் பெருஞ்சுவர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள், அதற்குள் சுவர் தன் இடத்தில் நிற்கவில்லை என்றால் அவளுடைய வழிகாட்டி உரிமம் போய்விடும். அவள் இதை எங்களிடம் சொல்லவில்லை, நான் பிடுங்கித்தான் வாங்கினேன். ரெங்கராஜ் மாமாவுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது.

"நாமென்ன, அந்தப் பிள்ளை பொழப்பைக் கெடுக்கவா வந்தோம்? சுலோச்சனா, நீதானே வாயைக் குடுத்த, நீயே போயி வராதேன்னு சொல்லிரு, முடிஞ்சது. போடி வரைக்கும் வந்துட்டா எங்க நிப்பாட்டுவ? உன் வீட்டு வாசல்லயா?"

"வாசல்லதாண்ணே. என்னைப் பாக்கத்தானே வருது" என்றாள் அம்மா.

ஷாங்காய் போகும் பஸ்ஸில் பட்டிமன்றம் வைத்துவிட்டார்கள். மைக் இருக்கிற பஸ்ஸில் எங்கள் ஆட்களை ஏற்றினால் பழைய பாட்டு அல்லது பட்டிமன்றம், இரண்டில் ஒன்று நடந்தே தீரும். நடுவர் ரெங்கராஜ் மாமா, தலைப்பு, குற்றம் அழைத்தவர் மீதா வந்தவர் மீதா. ஒவ்வொருவராக எழுந்து, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியோர்களே என்று ஆரம்பித்து, ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டால் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் கிளம்பி வருவது நாகரிகமா என்றும், நாம் தினம் நூறு பேரைக் கூப்பிடுகிறோம், அத்தனை பேரும் வந்தால் ஊர் தாங்குமா என்றும் வெளுத்து வாங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே, நெடுஞ்சாலையின் ஓரத் தடத்தில், சுவர் எங்களோடு ஒட்டி வந்துகொண்டிருந்தது. குற்றம் வந்தவர் மீதே என்று மாமா தீர்ப்பளித்தார், கைதட்டினார்கள்.

நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"சரி மாமா, வந்தது குத்தம். ஒத்துக்கிறேன். அப்ப போன ஆவணியில கண்டிப்பா வர்றோம்னு சொல்லிட்டு நீங்க அத்தனை பேரும் வராம இருந்தீங்களே, அதுக்கு என்ன பேரு? தீர்ப்பு சொல்லுங்க. நடுவர்தானே நீங்க?"

"பாப்பா, பொது இடத்துல வீட்டு விசயம் பேசக் கூடாது" என்றார் மாமா. "எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தீங்கன்னா வீட்லயே பேசியிருப்பேன்" என்றேன்.

அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"வீடு தேடி வந்தவங்களைப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன், செத்தாலும் வாயில வராது. இந்தப் பிள்ளை லின்னோட வேலையும் போகக் கூடாது. சாப்பிடுறதுக்குக் கூப்பிட்டேன், முறையா இலை போட்டுப் பந்தி வச்சிட்டு வெத்தலை பாக்குக் குடுத்துட்டா, விருந்தாளி எந்திரிச்சுக் கெளம்பத்தான் போறாங்க. ஆனா விருந்தாளியைத் தனியா உக்கார வச்சுச் சோறு போடுற பழக்கம் நமக்கு இல்ல. அதனால நாளைக்கு எல்லாரும் பந்திக்கு வரணும். கண்டிப்பா வர்றோம்னு யாரும் சொல்ல வேண்டாம். வந்தாப் போதும்."

முத்திருளப்பன் பின் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். "அன்னைக்குச் சமைச்ச அதே சமையல், யத்தா. ஒரு அயிட்டம் குறையாது" என்றார்.

ஷாங்காயில் ஹோட்டலுக்குப் பின்னால் ஆற்றங்கரையோரம் ஒரு காலி மனை இருந்தது, சுவர் அங்கே போய்ச் சாவகாசமாக நீட்டி உட்கார்ந்தது. வாழையிலைக்கு எங்கே போவது என்று நாங்கள் முழித்தபோது லின் யூ சந்தைக்குப் போய்த் தாமரை இலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மாவிலைக்குப் பதிலாகக் கோபுரத்து வாசலில் சிவப்புக் காகிதத்தைப் பூப்பூவாக வெட்டித் தொங்கவிட்டாள். கோபுரத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டினார்கள், விருந்தாளியின் வயிற்றுக்குள் நின்று விருந்தாளிக்கே சமைப்பதில் யாரும் ஒரு கோணலையும் காணவில்லை, அம்மா கிழக்கே பார்த்துப் பாலை வைத்தாள், அது பொங்கி வழிந்தபோது லின் யூ பதறி அடுப்பை அணைக்கப் பாய்ந்தாள், பொங்கத்தான் வேண்டும் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் வந்தார்கள். வேறு வழியில்லை, அன்று மத்தியானச் சாப்பாடு வேறெங்கும் கிடையாது என்று முத்திருளப்பன் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக வலதுகாலை எடுத்து வைத்து அந்த வாசலுக்குள் நுழைந்து மேலே ஏறினார்கள், அம்மா ஒவ்வொருவர் மேலும் பன்னீர் தெளித்து, "வாங்க, வாங்கண்ணே, வாங்க மதினி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடைபாதை நெடுக, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, பந்தி போடுவதற்கென்றே அறுநூறு வருடத்துக்கு முன் திட்டம் போட்டுக் கட்டினது போல, ஒரே நேராக இலை விரிந்தது. தலை இலை சுவருக்கு. அதற்கு அடுத்த இலையில் ரெங்கராஜ் மாமா, தலைவர் என்பதால் வேறு இடம் ஒப்பவில்லை.

பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், வடை, வடாம், பாயசம். சாப்பிட்டார்கள், கீழே கப்பல்கள் ஊதிக்கொண்டு போயின. பந்தியில் முதலில் உட்கார்ந்த விருந்தாளி முடிக்காமல் மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். சுவர் மெதுவாகச் சாப்பிட்டது. மெதுவாக என்றால், அவசரம் என்பதை அதற்கு யாரும் இதுவரை சொல்லிக்கொடுக்காதது போல. ரசம் வைத்தால் ரசம் உறிஞ்சப்படும், மோர் ஊற்றினால் மோர், அம்மா கரண்டியோடு திரும்பத் திரும்ப வந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்பாள், அது வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வெயில் சாய்ந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகும் பஸ் கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது. மாமாவின் கை காய்ந்து விரல்களில் சோறு ஒட்டிப்போயிருந்தது.

"சுலோச்சனா, வெத்தலை பாக்கைக் குடும்மா. பிளேனை விட்ருவோம்."

"விருந்தாளி இன்னும் கை கழுவலையேண்ணே."

"அதுக்குக் கை ஏதும்மா?"

அம்மா இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். அப்போதுதான் வேலுத்தாயி அத்தை, இலையைப் பார்த்துக் குனிந்தபடியே, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அன்னைக்கு நான் பட்டுச்சேலை கட்டி வாசல் வரைக்கும் வந்துட்டேன் சுலோச்சனா. இந்த மனுசன் என் செருப்பைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. வெறுங்காலோட வந்திருக்கணும் நான். தெருதானே. நெருப்பா கொட்டிக் கெடந்துச்சு? வந்திருக்கணும்."

மாமா இலையிலிருந்த கறிவேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார், எடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது, "செருப்பை நான்தான் போட்டேன்" என்றார். "தப்புதான்மா." பொதுக்குழுவில்கூட அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அதுக்கென்ன, இன்னைக்கு வந்துட்டீங்கள்ல" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மதினி, உங்க சுருக்குப்பையில வெத்தலை இருக்கா?" என்று கேட்டாள். அத்தை ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து சீனா முழுக்கத் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த வெற்றிலை அத்தனையும் வெளியே வந்தது. அம்மா ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். கடைசியில் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து, குனிந்து, செங்கல் இடுக்கில், அந்த வண்டிச் சீட்டுக்குப் பக்கத்தில் செருகினாள். "வந்ததுல ரொம்ப சந்தோசங்க" என்றாள்.

நாங்கள் இறங்கிப்போய் ஆற்றங்கரைக் குழாயில் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது மனை காலியாக இருந்தது. தாமரை இலைகள் மட்டும் விரித்த வரிசை கலையாமல் தரையில் கிடந்தன. தலை இலை, திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிப்பது போல, உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அம்மா அதை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். லின் யூவின் போன் அடித்தது, கேட்டாள், தலையாட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியைத் தூக்கினாள்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வரக் கூடாது. எல்லோரும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு முன்னால் போக, நான் மட்டும் நின்று அவளைக் கட்டிக்கொண்டேன், விலகும்போது என் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"ஒருநாள் எங்க வீட்டுக்கு வா, லின்."

அவள் நகரவில்லை. பாண்டா பொம்மை ஆடி நின்றது.

"எப்போது?" என்றாள்.

பிறந்ததிலிருந்து நான் கேட்ட எந்த அழைப்புக்குப் பின்னாலும் வராத ஒரு வார்த்தை. அது வருகிறதா என்று பார்க்கத்தான் நான் விடுதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் சாவு வீட்டிலும் கத்திக்கொண்டிருந்தேன், இப்போது என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் பெட்டியை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

"தை பொறந்து ரெண்டாவது ஞாயித்துக்கெழமை" என்றேன் தமிழிலேயே, பிறகு ஆங்கிலத்தில் தேதி சொன்னேன்.

"எத்தனை பேருன்னு கேளு" என்று அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இலை வாங்கணும்ல."

கேட்டேன். லின் யூ கொஞ்சம் யோசித்தாள். கண்ணாடிக்கு வெளியே, வடக்கே, வானம் வெறுமையாக இருந்த பக்கமாக ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.